தேவதைக் கதைகளில் கிறிஸ்தவப் பொருள்: எங்கே தேடுவது, எங்கே நிறுத்திக்கொள்வது

சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், உறங்கும் அழகி போன்ற பழைய தேவதைக் கதைகளில் கிறிஸ்தவப் பொருள் பொதிந்திருக்கிறது என்று சொல்கிறார்களே, அது கதையிலேயே இருக்கிறதா, விசுவாசிகளாகிய நாம்தான் ஏற்றிச் சொல்கிறோமா, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்வது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இக்கதைகளைப் பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் படித்துவருபவன் என்ற முறையில், என்னால் இயன்றவரை விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சில கதைகளில் கிறிஸ்தவப் பொருளை ஆசிரியரே அறிந்து வைத்திருக்கிறார். சிலவற்றில், வாய்வழியாக வந்த கதையை அச்சுக்குக் கொடுத்தவர் தம் பக்தியைச் சேர்த்திருக்கிறார். இன்னும் சிலவற்றில் அப்படி யாரும் எதையும் வைக்கவில்லை, ஆனால் வேதத்தில் தோய்ந்த மனம் அவற்றைக் கேட்கும்போது பழகிய ஒரு குரலை அடையாளம் கண்டுகொள்கிறது. இம்மூன்றும் நியாயமானவையே. ஒன்றை இன்னொன்றாகச் சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது. பெரும்பாலோர் ஆப்பிள், முள், கண்ணாடி, இளவரசன் என்று அடையாளப் பொருள்களைத் தேடித் தொடங்குகிறார்கள். நான் வேறு இரண்டு இடங்களைப் பார்க்கிறேன்: மீட்பு எங்கிருந்து வருகிறது, தீங்கு செய்தவருக்குக் கடைசியில் என்ன நேர்கிறது. இவ்விரண்டுக்கும் ஒரு கதை தரும் பதிலில்தான் அது சுவிசேஷத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது தெரியும் என்று நம்புகிறேன்.

தமிழில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'தேவதை' என்ற ஒரே சொல்லை இக்கதைகளில் வரும் மாய உயிர்களுக்கும் பயன்படுத்துகிறோம். பேச்சுவழக்கில் தேவதூதர்களுக்கும் சிலர் அதையே சொல்கிறார்கள். ஆகவே தேவதைக் கதை என்றவுடன், ஒன்று அந்நிய தெய்வங்களின் கதை என்ற அச்சம் எழுகிறது, அல்லது தேவதூதர்களின் கதை என்ற மயக்கம் பிறக்கிறது. ஐரோப்பியக் கதைகளின் தேவதைகள் வணங்கப்படும் தெய்வங்களும் அல்லர், கடவுளின் தூதர்களும் அல்லர். சிண்ட்ரெல்லாவுக்கு வண்டியும் ஆடையும் தரும் தேவதையைப் பிரெஞ்சு மூலம் அழைக்கும் சொல், ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காகப் பொறுப்பேற்கும் ஞானத்தாயைக் குறிப்பது. அந்தக் கதையைச் சொன்ன சமுதாயம் ஞானஸ்நானத்தை அன்றாட வாழ்வின் பகுதியாகக் கொண்டிருந்தது என்பதற்கு இது ஒரு சிறிய சாட்சி. அதற்கு மேல் இதிலிருந்து ஓர் உபதேசத்தைக் கட்டிவிட முடியாது.

கட்டுக்கதைகளை விட்டு விலகச் சொல்லும் வசனம் உங்கள் மனத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். 'சீர்கேடும் கிழவிகள் பேச்சுமாயிருக்கிற கட்டுக்கதைகளுக்கு விலகி' என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அங்கே அவர் எச்சரிப்பது, சபைக்குள் சத்தியத்தின் இடத்தில் கட்டுக்கதையை வைத்துப் போதிப்பதைப் பற்றி. கதை என்ற வடிவத்தையே வேதம் விலக்கியிருந்தால், நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தில் யோதாம், மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப்போன கதையைச் சொல்லியிருக்க முடியாது. தாவீதின் பாவத்தை உணர்த்த நாத்தான் ஓர் ஆட்டுக்குட்டியின் கதையோடு அரண்மனைக்குள் போயிருக்கவும் மாட்டார். அந்நியரின் இலக்கியத்தை எப்படி வாசிப்பது என்று திருச்சபையின் முன்னோர்களும் யோசித்திருக்கிறார்கள். இஸ்ரவேலர் எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுவந்து தேவ ஊழியத்துக்குப் பயன்படுத்தியதுபோல, புறஜாதியாரின் நூல்களில் உள்ள உண்மையை எடுத்துக்கொள்ளலாம் என்றார் அகஸ்டின். தேனீ எல்லாப் பூவிலும் உட்காருவதில்லை, உட்கார்ந்த பூவிலும் எல்லாவற்றையும் எடுப்பதில்லை என்று இளைஞர்களுக்குச் சொன்னார் பசிலியார்.

இதே அகஸ்டின் நமக்கு ஓர் எச்சரிக்கையாகவும் நிற்கிறார். நல்ல சமாரியனின் உவமையை விளக்கும்போது, சத்திரக்காரன் அப்போஸ்தலனாகிய பவுல் என்றும், இரண்டு பணங்கள் அன்பின் இரண்டு கட்டளைகள் என்றும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மறைபொருள் கண்டார். இடைக்காலத்தில் இந்தப் பழக்கம் வளர்ந்து, ரோமக் கவிஞர் ஓவிட் பாடிய பழந்தெய்வக் கதைகளுக்குக்கூட வரிக்கு வரி கிறிஸ்தவ விளக்கம் எழுதிச் சேர்த்தார்கள். இவ்வழியில் போனால் எந்தக் கதையிலிருந்தும் எந்தப் பொருளையும் வருவித்துவிடலாம். எதையும் சொல்லவைக்கக்கூடிய கதை உண்மையில் எதையும் சொல்வதில்லை.

ஸ்னோ ஒயிட் இதற்கு நல்ல உதாரணம். நச்சு ஆப்பிள் ஏதேனின் கனி, ஏழு குள்ளர் ஏழு நற்பண்புகள், இளவரசனின் முத்தம் உயிர்த்தெழுதல் என்ற விளக்கத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆதியாகமம் ஏதேனின் கனியை ஆப்பிள் என்று சொல்லவே இல்லை. லத்தீனில் தீமையையும் ஆப்பிளையும் குறிக்கும் சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பதும் அந்த எண்ணம் பரவத் துணை செய்தது. முத்தமோ ஜெர்மன் மக்களின் கதைகளைத் தொகுத்த க்ரிம் சகோதரர்களின் நூலில் கிடையாது. அதை உலகெங்கும் பரப்பியது 1937-இல் வெளிவந்த திரைப்படம். க்ரிம் நூலின் இறுதிப் பதிப்பில் இளவரசனின் வேலைக்காரர்கள் கண்ணாடிப் பேழையைச் சுமந்து போகும்போது கால் இடறுகிறார்கள். அந்த அதிர்வில் அவள் தொண்டையில் சிக்கியிருந்த நச்சுத் துண்டு வெளியே விழுகிறது. அவள் கண் விழிக்கிறாள். இல்லாத முத்தத்தின்மேல் நாம் உயிர்த்தெழுதலின் உபதேசத்தைக் கட்டியிருந்தால், பிள்ளை வளர்ந்து மூலத்தைப் படிக்கும் நாளில் முத்தத்தோடு சேர்த்து வேறு எதையும் சந்தேகிக்கக்கூடும். இக்கதையிலேயே கடைசியில் அரசியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்புகளைப் போட்டுச் சாகும்வரை ஆடவைக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

க்ரிம் சகோதரர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் மனத்தில் இக்கதைகளின் 'கிறிஸ்தவத் தன்மை' என்று பதிந்திருப்பதில் பெரும்பங்கு இளையவர் வில்ஹெல்மின் கைவேலை. யாக்கோபு 1785-லும் வில்ஹெல்ம் 1786-லும் ஜெர்மனியின் ஹனாவ் நகரில் பிறந்தார்கள், கால்வினின் வழிவந்த சீர்திருத்தச் சபைக் குடும்பம், தாத்தா போதகர். தொகுப்பின் முதல் பாகம் 1812-இல் வெளிவந்தது. ஏழாவதும் இறுதியுமான பதிப்பு 1857-இல் வந்தது. இடைப்பட்ட 45 ஆண்டுகளில் வில்ஹெல்ம் கதைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாயேதான். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஹான்சல், கிரெட்டல் என்ற பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொன்ன தாயும் பின்னாளில் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். தாய்மையின் புனிதம் காக்கப்பட வேண்டும் என்று அவர் கருதியிருக்கக்கூடும். ஆனால் 'ஸ்திரீயானவள் தன் பாலகனை மறப்பாளோ' என்று கேட்டுவிட்டு, அவள் மறந்தாலும் மறப்பாள் என்று ஒப்புக்கொள்ளும் ஏசாயாவின் நேர்மை முதல் பதிப்பில்தான் இருந்தது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் 'மரணம் என்னும் ஞானத்தந்தை' என்ற கதை. ஓர் ஏழைக்குப் பதின்மூன்றாம் பிள்ளை பிறக்கிறது. ஞானத்தந்தையாக யாரை வைப்பது என்று தெரியாமல் சாலைக்குப் போகிறான். முதலில் கடவுளே எதிர்ப்பட்டு, நான் உன் பிள்ளைக்கு ஞானத்தந்தையாக இருக்கிறேன் என்கிறார். நீர் பணக்காரனுக்குக் கொடுக்கிறீர், ஏழையைப் பட்டினி போடுகிறீர், நீர் வேண்டாம் என்கிறான் அவன். முதல் பதிப்பில் அந்த வார்த்தை அப்படியே நிற்கிறது. அடுத்த பதிப்பில், கடவுள் செல்வத்தையும் வறுமையையும் எவ்வளவு ஞானமாகப் பங்கிடுகிறார் என்று அறியாததால் அவன் அப்படிப் பேசினான் என்ற விளக்கம் சேர்க்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் திருத்திய வடிவமே அதிகக் கிறிஸ்தவத் தன்மை கொண்டது போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு மனம் நொந்த ஆசாப் 73-ஆம் சங்கீதத்தில் முறையிட்டது இதே முறையீடுதான். யோபு பலமுறை கேட்டதும் இதே கேள்விதான். அவர்களுடைய வாயை வேதம் அடைக்கவில்லை. பதினாறு வசனங்கள்வரை ஆசாபைப் பேசவிட்டு, அதன் பிறகே அவனைப் பரிசுத்த ஸ்தலத்துக்குள் கூட்டிச் செல்கிறது. ஏழையின் கூக்குரலுக்கு ஒரே வரியில் பதில் சொல்லி முடித்த பதிப்பாசிரியரின் பக்தியைவிட, பதில் இல்லாமல் நின்ற அந்தக் கூக்குரல் வேதத்துக்கு நெருக்கமானது.

இப்போது சிண்ட்ரெல்லாவுக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சொன்ன இரண்டு கேள்விகளும் அங்கேதான் மிகத் தெளிவாக மோதுகின்றன. க்ரிம் வடிவத்தில், சாகும் தறுவாயில் இருக்கும் தாய் மகளை அழைத்து, பக்தியும் நற்குணமும் உடையவளாக இரு, அன்பான கடவுள் எப்போதும் உனக்குத் துணை நிற்பார் என்கிறாள். மகள் தாயின் கல்லறைமேல் ஒரு செடிக் கிளையை நடுகிறாள், அவள் கண்ணீரே அதற்குத் தண்ணீர், அது மரமாகிறது, நாள்தோறும் மூன்று முறை அங்கே போய் அழுது ஜெபிக்கிறாள், ஒரு வெள்ளைப் பறவை அவள் வேண்டியதைத் தருகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட வடிவத்தில் கல்லறையும் இல்லை, கண்ணீரில் வளர்ந்த மரமும் இல்லை. அரசவைக்கு ஏற்ற நயமும் நகைச்சுவையும் நிறைந்த கதை அது. அவர் கடைசியில் சேர்த்த செய்யுள் நீதிகளுள் ஒன்று, எத்தனை திறமை இருந்தாலும் உயர்த்திவிட ஒரு ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இல்லாவிட்டால் பயனில்லை என்று உலகியலே பேசுகிறது. எது கிறிஸ்தவக் கதை என்று கேட்டால் யாரும் க்ரிம் பக்கமே கை காட்டுவார்கள்.

ஆனால் முடிவைப் பாருங்கள். பெரோவின் கதையில் செருப்பு பொருந்தியவுடன் சகோதரிகள் இருவரும் அவள் காலில் விழுந்து, தாங்கள் செய்த கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். அவள் அவர்களைத் தூக்கி நிறுத்தி, அணைத்துக்கொண்டு, முழு மனத்தோடு மன்னிப்பதாகச் சொல்லி, எப்போதும் தன்னை நேசிக்கும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறாள். பிறகு அரண்மனையிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்து, உயர்குடியினர் இருவருக்கு மணமுடித்தும் வைக்கிறாள். க்ரிம் கதையிலோ, திருமணத்துக்குத் தேவாலயம் போகும்போது ஒரு கண், திரும்பும்போது மறு கண் என்று புறாக்கள் அந்தச் சகோதரிகளின் கண்களைக் கொத்திக் குருடாக்குகின்றன. 1812-இன் முதல் பதிப்பில் இத்தண்டனை இல்லை, 1819-இல் சேர்க்கப்பட்டது. ஜெபமும் கண்ணீரும் கடவுளின் பெயரும் நிறைந்த வடிவம் கண்ணுக்குக் கண் என்று முடிகிறது. கடவுளின் பெயரையே சொல்லாத வடிவம் சத்துருவை அணைத்துக்கொள்வதில் முடிகிறது.

இதை நான் முதன்முதலாக இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தபோது உணர்ந்தேன். அன்றிலிருந்து ஒரு கதையில் பக்திச் சொற்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மரியாள் பாடிய பாட்டில், 'பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்' என்ற வரி சிண்ட்ரெல்லாவின் கதையில் ஒலிப்பதாக ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1908-இலேயே சுட்டிக்காட்டினார். அது உண்மை, சாம்பலில் கிடந்தவள் உயர்த்தப்படுவது இரு வடிவங்களுக்கும் பொது. உயர்த்தப்பட்டவள் தன்னைத் தாழ்த்தியவர்களை என்ன செய்கிறாள் என்ற இடத்தில்தான் கதைகள் பிரிகின்றன. யோசேப்பு எகிப்தின் அதிபதியான பிறகு சகோதரர்களைக் கட்டிக்கொண்டு அழுத காட்சி பெரோவின் பக்கமே நிற்கிறது.

க்ரிம் தொகுப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. அதில் முட்புதரில் ஒரு யூதனை ஆடவைத்து வேடிக்கை பார்த்து, கடைசியில் அவனைத் தூக்கிலிடும் கதையும் சிரிப்புக் கதையாக இடம்பெற்றிருக்கிறது. கிறிஸ்தவ நாடு சொன்ன கதை என்பதால் ஒரு கதை கிறிஸ்தவக் கதை ஆகிவிடாது என்பதை இதைவிட வேதனையோடு உணர்த்தும் இடம் எனக்குத் தெரியவில்லை. நம் ஆண்டவரும் மாம்சத்தின்படி யூதர் என்பதை நினைத்தால், அந்தக் கதையை வாசிக்கும்போது வெட்கப்படத்தான் வேண்டும்.

உறங்கும் அழகியின் கதையில், அடையாளத் தேடல் இல்லாமலே சுவிசேஷத்தின் வடிவம் தென்படுகிறது. கோட்டையைச் சுற்றி முள்வேலி வளர்ந்திருக்கிறது. எத்தனையோ அரசகுமாரர்கள் அதை ஊடுருவ முயன்று முட்களில் மாட்டி மடிகிறார்கள். கடைசியில் வந்தவன் அவர்களைவிடப் பலசாலி என்றோ நல்லவன் என்றோ க்ரிம் கதை சொல்வதில்லை. அவன் வந்த அன்று சாபத்தின் நூறு ஆண்டுகள் நிறைவடைந்திருந்தன. முட்கள் இருந்த இடத்தில் பெரிய அழகிய மலர்கள் இருந்தன. அவை தாமாகவே விலகி வழிவிட்டன. இளவரசனை உடனே கிறிஸ்துவாக்கிவிடுவது எளிது. அது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை, ஏனென்றால் அவன் எந்த விலையும் கொடுக்கவில்லை, எந்த முள்ளும் அவனைக் கீறவில்லை. நம் ஆண்டவருடைய தலையிலோ முட்கள் முடியாக அழுந்தின. இக்கதையில் உண்மையாக ஒலிப்பது காலத்தைப் பற்றிய ஒரு செய்தி: சாபத்துக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது, அந்த எல்லையை மனித வீரத்தால் முன்னுக்கு இழுக்க முடியாது, அது நிறைவேறும்போது திறக்காத கதவும் இல்லை. 'காலம் நிறைவேறினபோது' என்று கலாத்தியருக்கு எழுதிய சொற்றொடரைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. 'முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும்' என்ற சாபத்தின் முள் மலராவதைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. பிள்ளைகளே சில சமயம் அதைக் கவனித்துவிடுகிறார்கள்.

அழகியும் மிருகமும் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நாம் இன்று அறிந்த வடிவத்தை 1756-இல் எழுதிய மதாம் லெப்ரான்ஸ் த போமோன், பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிய ஆசிரியை. அவர் அதை வெளியிட்ட நூலில் தேவதைக் கதைகளும் வேதாகமச் சரித்திரப் பாடங்களும் அடுத்தடுத்து வருகின்றன. அன்புக்குரியதாக ஆவதற்கு முன்பே ஒன்று நேசிக்கப்பட வேண்டும் என்பதே இதன் பாடம் என்றார் செஸ்டர்டன். 'நாம் பாவிகளாயிருக்கையில்' என்று ரோமர் நிருபம் சொல்வதும் அந்த முன்பேயைத்தான்.

இனி ஆண்டர்சன். 1805-இல் டென்மார்க்கின் ஓடென்சே நகரில் ஏழைச் செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அவர், வாய்வழிக் கதைகளைத் தொகுத்தவர் அல்லர்; பெரும்பாலானவற்றைத் தாமே படைத்தார். ஆகவே அவருடைய கதைகளில் கிறிஸ்தவப் பொருள் இருக்கிறதா என்று ஐயப்பட வேண்டிய தேவையே இல்லை. அவர் அதை வெளிப்படையாகவே வைத்திருக்கிறார். அவற்றுள் 1844-இல் வெளிவந்த 'பனி அரசி'யை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

ஏழு பகுதிகள் கொண்ட அக்கதை ஒரு கண்ணாடியில் தொடங்குகிறது. சாத்தான் செய்த அந்தக் கண்ணாடியில் நல்லதெல்லாம் சுருங்கி மறையும். கெட்டதெல்லாம் பெருத்துத் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு, தேவதூதர்களையும் ஆண்டவரையுமே ஏளனம் செய்ய வானத்துக்கு ஏறுகிறார்கள் அவனுடைய சீடர்கள். அது கைநழுவி விழுந்து கோடிக்கணக்கான துகள்களாகச் சிதறுகிறது. அதில் ஒரு துகள் கை என்ற சிறுவனின் கண்ணிலும் இன்னொன்று இருதயத்திலும் தைத்துவிடுகிறது. அதன் பிறகு அவன் பாட்டியைக் கேலி செய்கிறான், ரோஜாவில் புழு அரித்த இதழை மட்டும் பார்க்கிறான், எல்லாவற்றிலும் குற்றம் காணும் கூர்மையே அறிவு என்று ஊரார் அவனைப் பாராட்டவும் செய்கிறார்கள். பாவத்தை இவ்வளவு நுட்பமாகச் சித்தரித்த இன்னொரு பிள்ளைக் கதையை நான் அறியேன். அவன் திருடவில்லை, பொய் சொல்லவில்லை; அவனுடைய பார்வை கெட்டது, இருதயம் உறைந்தது, அவ்வளவுதான். 'இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்' என்று பவுல் எழுதியதற்கு நேர் எதிரான கண்ணாடி இது.

பனி அரசியின் சறுக்குவண்டி அவனை இழுத்துச் செல்லும்போது பயந்துபோன அவன் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லப் பார்க்கிறான். பெருக்கல் வாய்ப்பாடு மட்டுமே நினைவுக்கு வருகிறது. அரண்மனையில், உறைந்த ஏரியின்மேல் உட்கார்ந்து, பனிக்கட்டித் துண்டுகளை அடுக்கி 'நித்தியம்' என்ற சொல்லை உருவாக்க முயல்கிறான். உருவாக்கிவிட்டால் அவனுக்கு விடுதலையும், முழு உலகமும், ஒரு ஜோடிப் புதிய சறுக்குக்காலணிகளும் பரிசு. எத்தனை விதமாக அடுக்கியும் அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. அறிவைப் பழிக்கும் கதை இது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது வேறாகப் படுகிறது: வாய்ப்பாடு தவறானது என்று ஆண்டர்சன் எங்குமே சொல்லவில்லை, ஜெபத்தின் இடத்தில் வாய்ப்பாடு வந்து உட்கார்ந்துகொண்டதுதான் துயரம்.

அவனைத் தேடி வரும் சிறு தோழி கெர்டாவுக்கு எந்த ஆயுதமும் கிடையாது. அவளுக்குப் பன்னிரண்டு ஆள் பலம் தரும் மருந்தொன்று கொடுக்கக் கூடாதா என்று கலைமான் பின்லாந்துக் கிழவியைக் கேட்கும்போது, அவளிடம் இருப்பதைவிடப் பெரிய பலத்தை என்னால் கொடுக்க முடியாது, அது அவள் இருதயத்தில் இருக்கிறது என்கிறாள் கிழவி. அரண்மனை வாசலில் பனிப்பூதங்கள் சூழும்போது கெர்டா கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்கிறாள். குளிரில் அவளுடைய மூச்சு புகையாக வெளிப்பட்டு, தலைக்கவசமும் ஈட்டியும் கேடயமும் ஏந்திய தேவதூதர்களாகிறது. அந்தச் சிறுவன் மறந்துபோன அதே ஜெபம். உள்ளே போனால் போர் எதுவும் இல்லை. பனி அரசி ஊரிலேயே இல்லை. கெர்டா அவன் மார்பில் விழுந்து அழுகிறாள். சுடுகண்ணீர் இருதயத்துக்குள் இறங்கிப் பனியை உருக்குகிறது. அவள் குழந்தை இயேசுவைப் பற்றிய பாட்டைப் பாட, அவனும் அழ, அவன் கண்ணீரோடு கண்ணிலிருந்த துகளும் வெளியேறுகிறது. 'கல்லான இருதயத்தை உங்கள் மாம்சத்திலிருந்து எடுத்துப்போட்டு' என்ற எசேக்கியேலின் வாக்குத்தத்தம் நினைவுக்கு வராமல் இந்தக் காட்சியை என்னால் படிக்க முடிந்ததே இல்லை. அப்போது அந்தப் பனித் துண்டுகள் தாமாகவே ஆடிக் களைத்துப் படுத்து, அவனால் அடுக்க முடியாத அந்தச் சொல்லை அமைக்கின்றன. சம்பாதிக்க முயன்றது வரமாகக் கிடைக்கிறது. வீடு திரும்பும்போது இருவரும் வளர்ந்துவிட்டார்கள்; பாட்டியோ வெயிலில் உட்கார்ந்து, 'பிள்ளைகளைப் போல் ஆகாவிட்டால், பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள்' என்ற வசனத்தை வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆண்டர்சன் எழுதியதெல்லாம் இவ்வளவு தெளிவானது என்று எண்ணிவிடக் கூடாது. 1837-இல் வந்த கடற்கன்னியின் கதையை வெறும் காதல் கதையாகவே பலர் அறிவார்கள். உண்மையில் அந்தக் கடற்கன்னி இளவரசனோடு சேர்த்து அழியாத ஆத்துமாவையும் தேடி ஏங்குகிறாள். கடல்வாழ் மக்கள் முந்நூறு ஆண்டுகள் வாழ்ந்து நுரையாகிவிடுவார்கள், மனிதருக்கோ சாவுக்குப் பிறகும் உயிர் உண்டு என்று பாட்டி சொன்னது அவளை உறங்கவிடவில்லை. இளவரசனைக் குத்தினால் தான் பிழைக்கலாம் என்று கத்தி கையில் தரப்பட்டபோது, அதைக் கடலில் எறிந்துவிட்டுத் தானே நுரையாகத் துணிகிறாள். இதற்கு நான் தலைவணங்குகிறேன். அதன் பிறகு அவள் காற்றின் மகள்களோடு சேர்ந்து, முந்நூறு ஆண்டுகள் நற்செயல் செய்து ஆத்துமாவைச் சம்பாதிக்கலாம் என்று கதை முடிகிறது. லூத்தரன் சபையில் வளர்ந்தவர் எழுதியது என்பதால் இம்முடிவு இன்னும் வியப்பளிக்கிறது. கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்ற போதனைக்கு இது பொருந்தாது என்பதைச் சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே பேசலாம். அப்படிப் பேசுவதால் கதையின் அழகு குறைவதில்லை.

மீட்பு எங்கிருந்து வருகிறது என்று நான் தொடக்கத்தில் கேட்டதற்கு ஒரு பெயர் கொடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். கத்தோலிக்க விசுவாசியான அவர் 1939 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை, பின்னர் விரிவாக்கப்பட்டு 1947-இல் அச்சானது. எல்லாம் முடிந்தது என்ற நிலையில், யாரும் கணக்கில் வைக்க முடியாத விதத்தில் வரும் திடீர் நல்திருப்பமே தேவதைக் கதையின் உயிர் என்றும், துக்கமும் தோல்வியும் உண்மை என்று அது ஒப்புக்கொள்கிறது, ஆனால் அவையே கடைசி வார்த்தை என்பதை மறுக்கிறது என்றும், அத்தகைய திருப்பம் சரித்திரத்துக்குள்ளேயே நிகழ்ந்தது கிறிஸ்துவின் பிறப்பிலும் உயிர்த்தெழுதலிலும்தான் என்றும் அவர் வாதிட்டார். இதை ஏற்கும்போது ஒரு வேறுபாட்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும்: 'ஒரு காலத்தில்' என்று தொடங்கும் கதைக்கு நாளும் இடமும் கிடையாது, நம் விசுவாசப் பிரமாணமோ 'பொந்தியு பிலாத்துவின் காலத்தில்' என்று ஒரு ரோம அதிகாரியின் பெயரையே சொல்கிறது.

நல்திருப்பம் என்பதைப் பரிசு என்று குறுக்கிவிடும் அபாயமும் உண்டு. க்ரிம் தொகுப்பில் ஓர் அநாதைச் சிறுமி கையிலிருந்த ரொட்டி, தொப்பி, மேலாடை, கடைசியில் உள்ளாடைவரை எதிர்ப்பட்ட ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு இரவில் காட்டில் நிற்கிறாள். நட்சத்திரங்கள் விழுந்து வெள்ளிக் காசுகளாகின்றன. அவள் வாழ்நாளெல்லாம் செல்வத்தோடு வாழ்கிறாள். அழகான கதை. அதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, கொடுத்தால் காசாகத் திரும்பி வரும் என்று கற்றுக்கொள்ளும். ஆகவே அதோடு ஆண்டர்சனின் தீக்குச்சி விற்ற சிறுமியையும் சேர்த்தே சொல்வது என் வழக்கம். அங்கேயும் ஒரு நட்சத்திரம் விழுகிறது. ஒரு நட்சத்திரம் விழும்போது ஓர் ஆத்துமா கடவுளிடம் போகிறது என்று பாட்டி சொல்லியிருந்தாள். மறுநாள் காலை அவள் சுவர் ஓரம் உறைந்து கிடக்கிறாள், காசு எதுவும் விழவில்லை. இக்கதையை ஒருமுறை சொல்லி முடித்தபோது, ஏன் ஒருவரும் அவளிடம் தீக்குச்சி வாங்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டது. பரலோகத்தைக் காட்டி அந்தக் கேள்வியை அமர்த்த எனக்கு மனம் வரவில்லை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை எடுத்து, வஸ்திரமில்லாதிருந்தேன், நீங்கள் எனக்கு வஸ்திரங்கொடுக்கவில்லை என்று ராஜா சொல்லும் பகுதியை வாசித்தேன்.

பிள்ளைகளுக்குச் சொல்வதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில், சொல்லுங்கள் என்பதே. ஆனால் முதலில் கதையை முழுதாக, எந்த விளக்கமும் இடையில் சேர்க்காமல் சொல்லுங்கள். இது இயேசு, இது சாத்தான் என்று கதை நடுவில் சுட்டிக்காட்டினால் பிள்ளை கதையை விட்டுவிட்டு விடையைத் தேடத் தொடங்கும். முடிந்த பிறகு, யார் யாரைக் காப்பாற்றினார்கள், கெட்டவர்களுக்கு அப்படி நடந்தது சரியா என்று மட்டும் கேளுங்கள். தண்டனை கொடியதாக இருக்கும் இடங்களில், சிண்ட்ரெல்லா என்ன செய்திருக்கலாம் என்று கேட்டுவிட்டுப் பெரோவின் முடிவையும் சொல்லுங்கள். வயதில் மிகச் சிறியவர்களுக்கு இரும்புச் செருப்பும் கண் கொத்தும் புறாவும் தேவையில்லை.

நூல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டர்சனின் கதைகளைச் சுருக்குகிறவர்கள் முதலில் நீக்குவது பெரும்பாலும் வேத வசனங்களையும் ஜெபங்களையும்தான். 'பனி அரசி' உள்ள பதிப்பு கையில் கிடைத்தால் ஆறாம் பகுதியின் இறுதிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்; கெர்டா அங்கே கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லாமல் அரண்மனைக்குள் போய்விட்டால், வேறு பதிப்பைத் தேடுங்கள்.